பிச்சாவரம் துடுப்புப் படகு: பிள்ளைகளோடு ஒரு காட்டுலா, விரிவான விமர்சனம்

பிச்சாவரத்தில் படகேறி இறங்கிவிட்டு “வெறும் மரமும் தண்ணியும்தான், வேற ஒண்ணும் இல்ல” என்று சொல்கிறவர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு மேல் போயிருப்பார்கள். மோட்டார் படகில் ஏறியிருப்பார்கள். தண்ணீர் விளிம்பு வரை ஏறி நிற்கும் நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியிருப்பார்கள். அதே துறையிலிருந்து கவுன்டர் திறந்ததும் முதல் துடுப்புப் படகில், தண்ணீர் இறங்கத் தொடங்கிய நேரத்தில் போன குடும்பம் இருபது வகைப் பறவைகளையும், சேற்றில் தாவும் மீனையும், ஒரு கை மட்டும் பெருத்த நண்டையும் பார்த்துவிட்டு வந்திருக்கும். இரண்டும் ஒரே காடு. மாறியது நேரமும் படகும்தான்.

புதுச்சேரி, கடலூர்க் குடும்பங்களுக்குக் காட்டுலா என்றால் முதுமலை, யானை, ஜீப். பத்து மணி நேரப் பயணம், கல்லட்டி வழியாகப் போனால் 36 கொண்டை ஊசி வளைவு, பின்சீட்டில் வாந்தி. ஆறு வயதுக் குழந்தையோடும் எழுபது வயதுப் பாட்டியோடும் வார இறுதியில் போய்வர, புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கும் அலையாத்திக் காடு எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: புலி இல்லை, யானை இல்லை, மான் இல்லை. நரியும் நீர்நாயும் உண்டு, ஆனால் பகலில் கண்ணில் படுவது அபூர்வம். இதைச் சொல்லாமல் “சஃபாரி போறோம்” என்று கூட்டிப்போனால் துறையிலேயே அழுகை ஆரம்பித்துவிடும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் கழிமுகங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் காடு இது. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஊர்க்காரர்கள் சுரபுன்னைக் காடு என்பார்கள். படகுத் துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. துடுப்புப் படகு, மோட்டார் படகு இரண்டும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் ஏறி இறங்கும் நேரம். பேருந்து நேரம், அறை வாடகை எல்லாம் அதற்கப்புறம். இந்தக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். வார இறுதிக்காரர்களுக்கு இதில் ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது. இந்தச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்த சனிக்கிழமை அதே 7 மணிக்கு ஏறத்தாழ வற்றமாக இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஏற்றத்துக்கு வந்துவிடும். ஆக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் காலைப் பயணத்துக்குப் பொருத்தமாக அமையும். கடலூர் அல்லது பரங்கிப்பேட்டை என்று தேடினால் ஏற்ற வற்ற அட்டவணை கைபேசியிலேயே கிடைக்கும். ஆனால் அது கடற்கரை நேரம். கழிமுகத்தைத் தாண்டி, வளைந்து நெளிந்து, துறைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நேரம் பிடிக்கும். முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தாமதமும் மாறும். முந்தின நாள் துறைக்குப் போன் போட்டோ நேரில் போயோ, “அண்ணே, நாளைக்குக் காலைல தண்ணி எப்ப எறங்க ஆரம்பிக்கும்?” என்று கேட்டுவிடுங்கள். எந்தச் செயலியைவிடவும் துடுப்புப் போடுகிறவர் சொல்வது சரியாக இருக்கும்.

இந்த ஏற்ற வற்றத்தின் மொத்த வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். இந்தக் காட்டின் தரை அவ்வளவு தட்டை; முழங்கால் அளவு தண்ணீர் இறங்கினாலே சேற்று ஓரம் நீளத்துக்கு வெளியே வந்துவிடும். தண்ணீர் முழுக்க ஏறியிருக்கும்போது படகு குறுகிய வாய்க்கால்களுக்குள் நன்றாக நுழையும், இருபுறக் கிளைகளும் தலைக்கு மேலே கூடிக் குகை மாதிரி தெரியும், படம் எடுக்க அருமை. ஆனால் சேறு மூழ்கிவிடுவதால் நண்டும் மீனும் தெரியாது, சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்கு இடம் இல்லாததால் அவையும் வேறு பக்கம் போய்விடும். முழுக்க வற்றிய நேரத்தில் இதற்கு நேர்மாறு: சேறு முழுக்க உயிராக இருக்கும், குறுகிய வாய்க்காலில் படகு தரைதட்டும். தட்டினால் படகோட்டி இறங்கித் தள்ள வேண்டும், பிள்ளைகளுக்குச் சிரிப்பு, பெரியவர்களுக்குக் கிலி. இரண்டும் கிடைக்க வேண்டுமானால் ஏற்றம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் புறப்பட்டு, தண்ணீர் இறங்க இறங்க உள்ளே போய், சேறு வெளியே வரும் நேரத்தில் அகன்ற வாய்க்கால் வழியாகத் திரும்பி வருவதுதான் சரி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற வற்றம் கூடுதல், அஷ்டமி, நவமி பக்கம் குறைவு. பெருமழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் வந்து நிரம்பினால் சில நாட்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வற்றம் என்பதே தெரியாமல் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்.

இனி படகு. மோட்டார் படகைப் பற்றி இரண்டே வரி: கடல் முகம் வரை விரைவாகப் போய்ப் பார்க்கவும், நடக்க முடியாத முதியவர்களைக் கொஞ்ச நேரத்தில் சுற்றிக்காட்டவும் நல்லது, எஞ்சின் சத்தத்தில் கொக்கு எழும், மீன்கொத்தி கிளை மாறும், குறுகிய வாய்க்காலுக்குள் அதனால் போகவும் முடியாது. குடும்பக் காட்டுலா என்றால் துடுப்புப் படகுதான். ஆட்கள் அதிகமாக இருந்தால் ஒரு பெரிய மோட்டார் படகைவிட இரண்டு துடுப்புப் படகு எடுங்கள். ஒரு படகில் பேசுவது இன்னொரு படகின் பறவையை விரட்டாதபடி இடைவெளி விட்டுப் போகலாம்.

கட்டணம் படகு வகை, நேரம், ஆள் எண்ணிக்கை மூன்றையும் பொறுத்தது. கவுன்டர் பலகையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு, டிக்கெட் எடுக்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்த டிக்கெட்டில் எத்தனை நேரம்? குறுகிய உள்வாய்க்கால் இதில் சேர்ந்ததா, அதற்குத் தனியா? நடு வாய்க்காலில் படகை நிறுத்திக்கொண்டு பேரம் பேசும் சங்கடம் இப்படித்தான் தவிர்க்கப்படும். ஒரு மணி நேரச் சவாரியில் போய் வருவதிலேயே பாதி போய்விடும், உள்ளே நின்று பார்க்க அவகாசமில்லை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் மூன்று மணி நேரம் தாங்காது. இரண்டு மணி நேரம்தான் அளவு. முழு நேரமும் படகை ஓட்டச் சொல்லாமல், சேற்று ஓரமாக நிழலில் இரண்டு இடத்தில் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். படகு அசையாமல் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் வளைக்குள் போன நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பெருத்த கையை ஆட்டிக்கொண்டிருப்பது ஆண், இரண்டு கையும் சிறிதாக இருந்தால் பெண். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாலே பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கறாராக இருங்கள். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் விழும்போது உடம்பு கீழே போய் ஜாக்கெட் மட்டும் முகத்துக்கு மேலே ஏறிவிடும். மாட்டிய பிறகு தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது பெரிசு, வேறு கேளுங்கள். கைக்குழந்தைக்குச் சரியான அளவு கிடைப்பது கடினம். வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாவிட்டால் கைக்குழந்தையோடு ஒருவர் கரையில் இருந்துவிடுவதே நல்லது. பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைக்காமல் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வையுங்கள். ஒரு பக்கம் பறவை தெரிந்தால் எல்லோரும் அந்தப் பக்கமே சாய்வார்கள், அங்கேதான் ஆபத்து. வாய்க்காலில் கையை விட்டு அளைவதும் வேண்டாம், சேற்றிலிருந்து மேலே நீட்டியிருக்கும் மூச்சு வேர் முனையும் அதில் ஒட்டியிருக்கும் சிப்பியும் பிளேடு மாதிரி கிழிக்கும்.

காட்டுக்குள் பிள்ளைகள் மரங்களைப் பிரித்தறிய மூன்று அடையாளம் போதும். வளைந்த ஊன்று வேர்களை நாலாபுறமும் ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும், விழுந்தால் சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொள்ளும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். உப்புச் சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. வெண்கண்டல் இலை உப்பை வெளியே தள்ளும், வெயில் நாளில் இலைமேல் உப்புப் பூத்திருப்பதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இலையைப் பறித்துத் தருவது படகோட்டியாக மட்டுமே இருக்கட்டும். காரணம் மூன்றாவது மரம், தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே சில காலம் மங்கும். தலவிருட்சம் என்று ஆசையாக இலை பறிக்கப்போகும் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த எச்சரிக்கை. பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையக் குடிநீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்காகவே ஆளுக்கு ஒரு லிட்டரோடு கூடுதலாக இரண்டு லிட்டர் தண்ணீர் படகில் இருக்கட்டும்.

பறவைகளில் சின்ன வெண்கொக்கு, மடையான், நீர்க்காகம், வெண்மார்பு மீன்கொத்தி, கருடன் என்று நாம் சொல்லும் செம்பருந்து, இவை கிட்டத்தட்ட உறுதி. கிளையில் தூங்கும் வக்காவைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. பகலில் அது அசையவே அசையாது. குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான் வகைகள் சேர்ந்துகொள்ளும். இருநோக்கி (பைனாகுலர்) வாங்குகிறவர்கள் கடைக்காரர் பேச்சைக் கேட்டு 10 மடங்கு பெரிதாக்குவதை வாங்கிவிட வேண்டாம். ஆடும் படகில் 10 மடங்கில் எல்லாமே நடுங்கும். 8x42 போதும், அந்த 8தான் பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். அதன் எடை முக்கால் கிலோவை நெருங்கும், பத்து வயதுக்குட்பட்ட கைக்கு 8x25 அளவுள்ள சின்னதே சரி.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. துறை மேற்கே, காடு கிழக்கே. காலையில் போகும்போது சூரியன் எதிரே; பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். அதற்காகச் சலித்துக்கொள்ளாமல் போகும்போது வேர், நண்டு, மரம் என்று பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். திரும்பி வரும்போது வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், அப்போது பறவைக்கும் கேமராவுக்கும் நேரம் ஒதுக்கலாம். மாலைச் சவாரிக்கு இது அப்படியே தலைகீழ்.

பருவம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர், நவம்பரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும், ஆனால் புயலும் அப்போதுதான், சில ஆண்டு டிசம்பர் கடைசி வரைகூட நீளும். 2011இல் ‘தானே’ புயல் டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்தது, 2024இல் ‘ஃபெஞ்சல்’ புயல் நவம்பர் 30 இரவு. கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்குப் படகைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிப்போவது தண்டனை. வாய்க்காலில் நிழல் உண்டு, அதை அடையும் வரையான திறந்த நீரில் இல்லை.

நல்ல பருவத்துக்குள்ளும் சில நாட்களை அடித்துவிடுங்கள். காணும் பொங்கலன்று வரிசையே பாதி நாளை விழுங்கும். மார்கழித் திருவாதிரைக்கு ஆருத்ரா தரிசனக் கூட்டம் சிதம்பரத்தை நிறைத்துவிடும், லாட்ஜில் அறை கிடைக்காது. புத்தாண்டுக்குப் புதுச்சேரி அறை வாடகை எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். அது பார்க்க வேண்டிய திருவிழா, அன்று அந்தச் சாலையில் காட்டுலா திட்டம் போடுவது மட்டும் வீண்.

தங்குவது எங்கே? புதுச்சேரியில் தங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரச் சாலை, ஐந்து மணிக்கே பிள்ளைகளை எழுப்ப வேண்டும். முந்தின மாலையே சிதம்பரம் போய்த் தங்கி, கோயிலைப் பார்த்துவிட்டுப் படுப்பது புத்திசாலித்தனம். கார் இல்லாதவர்கள் திருப்பாதிரிப்புலியூரிலோ கடலூர் துறைமுகத்திலோ ரயிலேறிச் சிதம்பரத்தில் இறங்கலாம். அங்கிருந்து பிச்சாவரத்துக்குப் பேருந்து உண்டு. ஆனால் முதல் படகைப் பிடிக்க வேண்டுமானால் ஆட்டோவை முந்தின இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். படகில் கழிவறை கிடையாது, கரையில் போய்விட்டுத்தான் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு ஏறும் முன் பால், ஜூஸ் வேண்டாம். மாற்று உடை ஒன்று, பளபளக்காத மங்கிய நிறச் சட்டை, கழுத்தில் கயிறுள்ள தொப்பி. கிளை இடிக்கும்போது முதலில் பறப்பது தொப்பிதான். முறுக்கு, சிப்ஸ் பாக்கெட்டைக் கரையிலேயே பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் காற்றில் பறந்து வேரில் சிக்க எதுவும் இருக்காது.

இதை நம் பக்கத்து மற்ற இரண்டு இடங்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். ஊசுட்டேரி புதுச்சேரியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவிலேயே இருக்கிறது. புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அரை நாள் போதும், நாமக்கோழி, தாழைக்கோழி, வாத்து வகைகள் கரையிலிருந்தே தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும். கழுவெளி வேறு கதை. மரக்காணம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த உவர்நீர் நிலம். 2021இல் சரணாலயம், 2024இல் ராம்சார் தகுதி. பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் வரும் இடம்தான், ஆனால் பறவைக்கும் உங்களுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் தண்ணீர் இருக்கும். முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு வெள்ளைப் புள்ளிகள்தான். மழை முடிந்த உடனே போகாமல், நீர் குறையும் ஜனவரிக்குப் பிறகு போக வேண்டும். ஆழமான தண்ணீரில் நடந்து இரை தேடும் பறவை நிற்காது. காலை நேரத்தில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும். பத்து வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே பறவை ஆர்வம் தொற்றிய பிள்ளைகளுக்கு மட்டும் கழுவெளி.

பிச்சாவரம் துடுப்புப் படகுக்கு, தண்ணீர் நேரம் பார்த்துப் போனால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது ஏற்ற வற்ற நேரத்துக்காக. கட்டணத்தோடு அன்றைய ஏற்ற வற்ற நேரமும் கவுன்டரில் கண்ணில் படும்படி எழுதியிருந்தால் பாதிப் பேரின் ஏமாற்றம் அங்கேயே தீர்ந்திருக்கும். நேரம் பார்க்காமல் நடுப்பகலில் மோட்டார் படகில் போனால் இரண்டு. ஊசுட்டேரி மூன்றரை. கழுவெளி பெரியவர்களுக்கு நாலு, சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றரை.

பத்தரை மணிக்குள் கரையேறிவிட்டால் கிள்ளை வழியாகத் திரும்பி, சிதம்பரத்தில் கொத்சு தீர்வதற்குள் இட்லிக்கு உட்கார்ந்துவிடலாம்.